ஒன்பதாம் படியில் ராத்தா வீடு

இடப்பக்க மூலையில் நீலம் பளிச்சிட்டது. அடுத்து நடு. அடுத்து கீழ்வரிசை. அதற்கடுத்தது எது?

கலந்தரின் சுட்டுவிரல் அந்தரத்தில் நின்றது. மேசைக்கு அப்பால் உத்தியோகத்தர் ஒருவர் கொட்டாவி விட்டபடி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். விரல் ஒரு கட்டத்தைத் தொட்டது. மேசையில் இருந்த பெட்டி முழுக்கச் சிவந்து, கசாப்புக் கடை ஆடு மாதிரி ஒரு சத்தம் போட்டது.

"நாலாம் படி. சித்தியில்லை. அடுத்தவர் வரலாம்."

அவ்வளவுதான். சிலாவத்துறையில் வாப்பா வெட்டிய கிணறும், கிணற்றைச் சுற்றிக் கிடந்த வளவும், அந்த வளவில் நடக்கவேண்டிய மகள் ஜெஸ்லியாவின் கலியாணமும் ஒரே ஆட்டுச் சத்தத்தில் கலந்தரின் கையை விட்டு நழுவப் பார்த்தன.

தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு புத்தளத்துக்குப் போனவர் கலந்தர். யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது வளவில் உடைமுள் ஆளுயரத்துக்கு நின்றது. காணி உறுதிப் பத்திரம் அகதி முகாமின் மழையில் எப்போதோ கூழாகிவிட்டது. இருந்தாலும் அவர் பெரிதாகப் பயப்படவில்லை. ஊரில் எல்லோருக்கும் அது அவருடைய வளவு என்று தெரியும். ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தால் அதைப் பற்றி அரசாங்கம் கவலைப்படாது என்று அவர் நினைத்தார். புத்தளத்தில் இருபது வருடம் இருந்தும் அவருக்கு அரசாங்கம் பழகியிருக்கவில்லை.

மன்னார்ப் பட்டினத்தில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் புதிதாக ஒரு கந்தோர் திறக்கப்பட்டது. 'மீளத் திரும்புவோர் ஞாபக உறுதிப்பாட்டுச் செயலகம்' என்று பெயர். அங்கே வேலை பார்ப்பவர்களே தொலைபேசியை எடுத்தால் வாசல் பலகையை எட்டிப் பார்த்துத்தான் பெயரைச் சொல்வார்கள். சனம் 'ஞாபகக் கந்தோர்' என்று சுருக்கிவிட்டது.

திறப்பு விழாவில் பணிப்பாளர் யோகராசா ஆற்றிய உரை ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்றின் வழியாக ஊர் ஊராகப் போனது.

"காணி உறுதியைப் பொய்யாக எழுதலாம். சாட்சிகளைச் சோடிக்கலாம். ஞாபகத்தைச் சோடிக்க முடியாது. ஆகவே காணி கோரும் ஒவ்வொருவரும் ஒழுங்குமுறை ஞாபகப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டும். வெளிநாடுகளில் இதன் சராசரிப் புள்ளி எட்டு என்று கண்டிருக்கிறார்கள். நம் மக்கள் சராசரிக்கு மேலானவர்கள் என்பதில் எனக்குப் பூரண நம்பிக்கை இருப்பதால், சித்திக்கான புள்ளியை ஒன்பதாக வைத்திருக்கிறேன்."

சனம் கைதட்டியது. தங்களைப் புகழ்கிறார் என்று நினைத்தார்கள்.

பணிப்பாளர் கெட்டிக்காரர். மன்னாருக்கு வந்து ஒரு வருடமாகியும் தன் விடுதியிலிருந்து கந்தோருக்குப் போகும் வழி அவருக்குத் தெரியாது. சாரதிக்குத் தெரியும் என்பதால் நிர்வாகத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை.

பரீட்சை கேட்பதற்கு இலகுவானது. ஒரு பெட்டியில் ஒன்பது கட்டங்கள். முதலில் ஒரு கட்டம் ஒளிரும். அதைத் தொட வேண்டும். பிறகு அதே கட்டமும் இன்னொன்றும். பிறகு அவை இரண்டும் மூன்றாவதொன்றும். இப்படிப் படிக்குப் படி வால் நீளும். ஒழுங்கு மாறித் தொட்டால் ஆடு கத்தும். ஒருவருக்கு மூன்று தவணை. மூன்றிலும் தவறினால் அவருடைய காணி 'ஞாபகமற்ற காணி' என்று கந்தோருக்குச் சேரும். அதில் வருகை தரும் அதிகாரிகளுக்கான கடற்கரை விடுதி கட்டப்படும். 'ஞாபகமற்ற காணி' என்ற பலகையை முதல் தவணை தவறிய அன்றே நட்டுவிடுவார்கள். பிறகு மறந்துவிடுமாம்.

அன்று கலந்தருக்கு முன்னால் தோற்றியவர் பெருநிலப்பக்கத்து நெல் விவசாயி ஏரம்பு. கடைசி யுத்த மாதங்களைப் பதுங்குகுழியில் கழித்த மனிதர். இரண்டாவது வெளிச்சம் பளிச்சிட்டதும் ஏரம்பு கதிரையில் இல்லை. மேசைக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தார். மேசைக்கு அடியிலிருந்து விடையளிக்க விதியில் இடமில்லை என்று உத்தியோகத்தர் குனிந்து பணிவாக விளக்கினார்.

கலந்தர் பணிப்பாளரையே போய்க் கண்டார். பெட்டியை விட்டுவிட்டுத் தன் வளவைப் பற்றியே கேட்கும்படி மன்றாடினார். கிணற்றில் எத்தனை உறை, வேலியில் எந்தப் பக்கம் பூவரசு, எதையும் கேட்கலாம்.

"அது நியாயமில்லை, கலந்தர்," என்றார் பணிப்பாளர். "காணியைப் பற்றிக் கேட்டால் காணியை அறிந்தவர்களுக்குச் சாதகமாகிவிடும். பரீட்சை என்றால் எல்லோருக்கும் சமமாக இருக்க வேண்டும்."

சிலாவத்துறைக்குத் திரும்பியபோது வருங்காலச் சம்பந்தி மீராசாஹிபு காத்திருந்தார். அவருடைய மகன் பைசருக்குத்தான் ஜெஸ்லியாவைப் பேசி முடித்திருந்தது. ஊர் வழக்கப்படி நிக்காஹ் பெண்ணின் சொந்த வளவில் நடக்க வேண்டும். கலந்தர் குடும்பமோ தம்பி வஸீரின் முற்றத்தில் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தது. மீராசாஹிபு பொல்லாதவர் அல்ல. மூத்த மகனின் மனைவி வீட்டைக் கூரை போட்ட பிறகு ஒரு கந்தோர் வந்து உடைத்ததைப் பார்த்தவர்.

"எனக்குக் காயிதம் வேணாம் மச்சான்," என்றார். "காயிதம் இண்டைக்கு வரும், நாளைக்குப் போகும். அந்தக் கந்தோர் தன்ர வாயால, நாலு பேருக்குக் கேக்க, இது கலந்தர்ட வளவெண்டு ஒருக்காச் சொல்லட்டும். அண்டைக்கே நிக்காஹ்."

கைருன்னிசா கணவனை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த நாளே அவரை ரியூசனுக்கு அனுப்பினாள்.

ஆம், ரியூசன். பரீட்சை என்று ஒன்று பிறந்தால் அதற்கு ரியூசன் பிறக்க எங்கள் பக்கத்தில் நாளாகாது. பஸ் நிலையத்தடியில் பார்த்தீபன் மாஸ்டரின் கணித வகுப்பு இரவோடிரவாக 'ஞாபகச் சிகரம்' ஆகியிருந்தது. புதுப் பெயிண்டுக்கு அடியில் பழைய கணிதம் இன்னும் தெரிந்தது. வாங்குகளில் மீனவர்களும் விவசாயிகளும் கிழவிகளும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

மாஸ்டரைக் கேலி செய்ய எனக்கும் ஆசைதான். ஆனால் மனிதர் சொன்னது அவ்வளவும் சரி. அதுதான் இந்தக் கதையிலேயே பெரிய விபத்து.

"ஒம்பதை ஒம்பதாப் பாத்தா மலை. மூண்டு மூண்டாப் பிரிச்சுப் பாருங்கோ, மூண்டு மேடு. கடைசி வெளிச்சம் அணையுமட்டும் கையை மடியில வைச்சிருங்கோ. அந்தரப்பட்டு அமத்துறவைதான் விழுறவை. நித்திரை முழிச்சுப் பழகாதேங்கோ. எல்லாத்துக்கும் மேல, கட்டங்களுக்குப் பேர் வையுங்கோ. நம்பர் வைக்காதேங்கோ, நம்பர் வழுக்கும். உங்களுக்குத் தெரிஞ்ச ஒம்பது இடம். அதுக்குள்ளால மனசில நடவுங்கோ. நடந்த வழியை ஆரும் மறக்கமாட்டினம்."

கலந்தர் தன் ஊரைக் கட்டங்களில் வைத்தார். நடுக்கட்டம் பள்ளிவாசல். அதற்கு மேலே மரைக்கார் வீடு. வலப்பக்க மேல்மூலை அவருடைய அக்கா, ராத்தாவின் வீடு. கீழ்வரிசையில் மாமா, மாமாவின் மருமகன், கடைசி மூலையில் தம்பி வஸீர். நடந்து போகக் காரணம் வேண்டுமே? அதுவும் அவரிடம் தயாராக இருந்தது. மகளின் கலியாணம் சொல்லப் போகிறார்.

கைருன்னிசா பாயில் ஒன்பது சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்து அகப்பையால் தட்டிக் காட்டுவாள். கலந்தர் கண்ணை மூடித் தோளில் சால்வையைச் சரிசெய்துகொண்டு புறப்படுவார். வீடு வீடாக ஸலாம் சொல்வார், தேநீரை மறுப்பார், நகர்வார். ஒரே சிரட்டை இரண்டு முறை வந்தால் குடையை மறந்து விட்டுவிட்டுத் திரும்பிப் போனதாக வைத்துக்கொள்வார். ஐந்து, ஆறு, எட்டு என்று புள்ளி ஏறியது. அகப்பை ஒன்று உடைந்தது.

இரண்டாம் தவணை. பெட்டி ஒளிர்ந்தது.

பள்ளிவாசல். மரைக்கார். மாமா வீடு. கலந்தர் அமைதியாக நடந்தார். நாலு, ஐந்து, ஆறு. கொட்டாவி உத்தியோகத்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏழு. அங்கேதான் கலந்தருக்கு உள்ளுக்குள் ஒரு அரிப்புத் தொடங்கியது. இத்தனை வீடு ஏறி இறங்கியும் ராத்தா வீட்டுக்கு இன்னும் போகவில்லை. எட்டாவது மறுபடியும் மாமா வீடு. சரி, குடை. ஆனால் ராத்தா?

ஒன்பதாவது வெளிச்சம் விழுந்தது. கடைசி மூலை. வஸீர் வீடு.

ராத்தாவுக்கு முன்னால் வஸீருக்குச் சொல்வதா? உடன்பிறந்தவர்களில் மூத்தவளை விட்டுவிட்டுக் கடைக்குட்டியின் படலையைத் திறப்பதா? சாச்சா மகளின் கலியாணத்தில் தனக்கு இரண்டாவதாகச் சொன்னார்கள் என்று பந்தலுக்குள் கால் வைக்காமல், எதிர்வீட்டு வாசலில் கதிரை போட்டுக் கடைசிவரை அமர்ந்திருந்தவள் ராத்தா. ஊர் இன்னும் அந்தக் கதிரையைப் பற்றிப் பேசுகிறது.

எட்டுக் கட்டங்களைச் சரியாகத் தொட்ட விரல், ஒன்பதாவதில் கடைசி மூலைக்குப் போய், கட்டத்துக்கு மேல் நின்று, வலப்பக்க மேல்மூலைக்குத் திரும்பி வந்து ராத்தா வீட்டை மரியாதையாகத் தொட்டது.

ஆடு கத்தியது.

விஷயத்தைக் கேட்ட கைருன்னிசா பஸ் நிலையத்தில் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"வெளிச்சம் எங்க விழுந்ததெண்டு தெரியுந்தானே?"

"தெரியும். வஸீர்ட வீட்டில."

"தெரிஞ்சுமா அங்க அமத்தினீங்க?"

"ராத்தா என்ன நினைப்பா, கைருன்?"

"பெட்டிக்குள்ள எங்கயப்பா ராத்தா?"

தவறு பெட்டியுடையது என்பதே கலந்தரின் உண்மையான அபிப்பிராயம். ஒழுங்கு தெரியாத ஒன்றை வைத்தா ஒழுங்குமுறைப் பரீட்சை நடத்துவது?

அப்போது மன்னார்த் தெருக்களில் சுற்றித் திரியும் கழுதைகளில் ஒன்று அவர்களைக் கடந்து போனது. முதலில் பழக்கடைக்குள் தலையை விட்டது. விரட்டினார்கள். நேரே மருந்துக் கடை. அங்கிருந்து சலூன். மறுபடியும் பழக்கடை. பிறகு, யாரையும் எதுவும் கேட்காமல், ஞாபகக் கந்தோரின் வாசல்.

கைருன்னிசா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லத் தலையிலிருந்து கையை எடுத்தாள்.

"இனிக் கலியாணம் சொல்லப் போகாதீங்க," என்றாள். "அதுக்குப் பின்னால போங்கோ."

"எதுக்குப் பின்னால?"

"அந்தக் கழுதைக்குப் பின்னால. அதுக்கு ராத்தாவும் ஒண்டு, வஸீரும் ஒண்டு. எந்தப் படலை திறந்து கிடக்கோ அங்க தலையை விடும். ஒருத்தரும் கோவிக்கமாட்டாங்க."

மூன்றாம் தவணைக்குள் கலந்தர் மனதில் ஒரு கழுதையை வளர்த்தார். அது ராத்தா வீட்டு மல்லிகையை மேய்ந்தது. மரைக்கார் வீட்டுக் கொடியில் காய்ந்த சாரத்தை இழுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குள் போனது. ஒரு தடவை பள்ளிவாசல் கட்டத்துக்கும் போய்விட்டது. கலந்தர் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதைத் தொட்டார்.

அன்று பெட்டி ஒன்பதைத் தாண்டியது. பன்னிரண்டைத் தாண்டியது. உத்தியோகத்தர்கள் தேநீர்க் கோப்பைகளோடு வந்து சுற்றி நின்றார்கள். இருபத்து மூன்றாம் படியில் பெட்டி தானாகவே அணைந்துபோனது. அதற்கு மேல் யாரும் வருவார்கள் என்று அதைச் செய்தவர்களே எதிர்பார்த்திருக்கவில்லை.

கந்தோர் பூரித்தது. கலந்தருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று கிடைத்தது. பணிப்பாளர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

"அப்ப வளவு, சேர்?" என்றார் கலந்தர்.

பணிப்பாளரின் முகம் கனிவானது. அந்தக் கனிவை அறிந்த உத்தியோகத்தர்கள் மெல்லக் கலைந்தார்கள்.

"இங்கேதான் ஒரு சிறு சிக்கல், கலந்தர். இருபத்து மூன்றாம் படி என்பது பூரண ஞாபகம். உங்கள் காணி உங்கள் மனதில் ஒரு குறையுமில்லாமல் அப்படியே இருக்கிறது என்று இந்தச் செயலகமே உறுதிப்படுத்திவிட்டது. அதை நான் மறுபடியும் வழங்கினால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஒன்றை இரண்டாம் முறை வழங்கியதாகும். கணக்காய்வில் மாட்டிக்கொள்வேன்."

"அப்ப ஏரம்பு அண்ணனுக்குக் குடுப்பீங்களா? அவருக்கு ஒண்டும் ஞாபகமில்லையெண்டுதானே எழுதியிருக்கு."

"ஞாபகமில்லாதவருக்குக் கொடுத்து என்ன பயன்? எதை வாங்கினோம் என்றே அவருக்குத் தெரியாதே."

"ஆருக்குத்தான் சேர் குடுப்பீங்க?"

பணிப்பாளர் யன்னலுக்கு வெளியே தொலைதூரம் பார்த்தார்.

"நல்ல கேள்வி. அதற்கு விடை காணத்தான் இந்தச் செயலகத்தை இன்னும் ஐந்து வருடத்துக்கு நீட்டித்திருக்கிறார்கள்."

மறுநாள் வளவில் நின்ற 'ஞாபகமற்ற காணி' பலகையைப் பிடுங்கினார்கள். கலந்தர் ஓடிப்போய்ப் பார்த்தார். அதே குழியில் 'பூரண ஞாபகத்திலுள்ள காணி, உட்பிரவேசிக்கத் தடை' என்று புதிய பலகையை நட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று பின்னேரம் கலந்தர் குளித்தார். வெள்ளைச் சாரம் உடுத்து, சால்வை போட்டார். எங்கே என்று கைருன்னிசா கேட்டதற்கு, கலியாணம் சொல்லப் போவதாகச் சொன்னார். எங்கே வைத்து என்று கேட்டாள். எங்கட வளவில் என்றார். அவள் குடையை எடுத்துக் கொடுத்தாள்.

இந்த முறை ஒழுங்கு பிசகவில்லை. பள்ளிவாசல், மரைக்கார், ராத்தா, மாமா, பிறகு வரிசையாகச் சொந்தம், கடைசியில் வஸீர். எல்லோருக்கும் பிறகு, பஸ் ஏறி மன்னாருக்குப் போய், ஞாபகக் கந்தோர்.

பணிப்பாளர் நெகிழ்ந்துபோனார். தானா பிரதம விருந்தினர் என்று கேட்டார். ஓம் என்றார் கலந்தர். புரியாணியா என்று கேட்டார். அதற்கும் ஓம். எங்கே என்று அவர் கேட்கவில்லை. அது சாரதியின் வேலை.

ஞாயிற்றுக்கிழமை உடைமுள் வெட்டிய வளவில் பந்தல் நின்றது. கயிறு கட்ட வாகான மரம் இல்லாததால் ஒரு முனையைக் கந்தோரின் பலகைக் காலில் கட்டியிருந்தார்கள். பலகை சோடனைத் துணிக்குள் மறைந்துபோனது. முன்வரிசையில், கிணற்றடிக்குப் பக்கத்தில், ராத்தா கதிரை போட்டு அமர்ந்திருந்தாள். தன் ஊரிலிருந்து ஏரம்பு ஒரு மூடை அரிசியோடு வந்திருந்தார். படப்பிடிப்புக்காரனின் விளக்குப் பளிச்சிட்டபோதெல்லாம் அவர் கொஞ்சம் குனிந்து நிமிர்ந்தார்.

மீராசாஹிபு மட்டும் பந்தலுக்கு வெளியே நின்றார். பைசர் மாப்பிள்ளைத் தொப்பியோடு வாப்பாவைப் பார்ப்பதும் நிலத்தைப் பார்ப்பதுமாக இருந்தான். உள்ளே ஜெஸ்லியா முக்காட்டை இழுத்து இழுத்து விட்டாள். மௌலவி இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"நான் சொன்ன சொல் சொன்னதுதான் மச்சான்," என்றார் மீராசாஹிபு. குரலில் அவருக்கே வருத்தம் இருந்தது. "கந்தோர் தன்ர வாயால சொல்லோணும். இண்டைக்கு வளவெண்டு நிக்காஹ் முடிச்சு, நாளைக்கு அவன் வந்து பிள்ளையள எழுப்பினா?"

கலந்தர் தெருவைப் பார்த்தார். பணிப்பாளரைக் காணவில்லை.

காணாததற்குக் காரணம் எளிமையானது. அன்று ஞாயிறு, வழி தெரிந்த சாரதிக்கு விடுமுறை. பிரதம விருந்தினர் ஒலிபெருக்கி கட்டிய அந்த ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். சிலாவத்துறை ஒழுங்கைகள் ஒன்றைப்போல ஒன்று இருந்தன. கடற்கரைக்குப் போனார். திரும்பி வந்தார். பள்ளிவாசலைக் கடந்தார். மறுபடியும் பள்ளிவாசலைக் கடந்தார். பசி எடுத்தது. இறங்கிக் கேட்பது பதவிக்கு அழகல்ல என்று தோன்றியதால், பக்கத்தில் கிடந்த ஒலிவாங்கியை எடுத்தார்.

பந்தலில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். கடலோரத் தென்னைகளுக்கு மேலாக, ஊர் முழுக்கக் கேட்க, கணீரென்று வந்தது அந்தக் குரல்.

"இது மீளத் திரும்புவோர்... ஞாபக உறுதிப்பாட்டுச் செயலகத்தின் அறிவித்தல். கலந்தருடைய வளவு எங்கே இருக்கிறது? பணிப்பாளர் பேசுகிறேன். கலந்தருடைய வளவுக்கு எந்தப் பக்கத்தால் வருவது? தெரிந்தவர்கள் உடனே அறியத் தரவும்."

ராத்தா கதிரையிலிருந்து முன்னால் சாய்ந்து மீராசாஹிபுவைப் பார்த்தாள்.

"காதில விழுந்ததா தம்பி? இல்லாட்டி இன்னொருக்காச் சொல்லச் சொல்லவா?"

அவள் கேட்கும் தேவை இருக்கவில்லை. பணிப்பாளர் இன்னொரு முறை சொன்னார். அடுத்த ஒழுங்கையிலிருந்து மூன்றாம் முறையும் சொன்னார். படப்பிடிப்புக்காரன் ஒலியையும் சேர்த்தே பதிந்துகொண்டிருந்தான். மீராசாஹிபு செருப்பைக் கழற்றிவிட்டுப் பந்தலுக்குள் வந்து, மகனுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"தொடங்குங்கோ மௌலவி," என்றார்.

நிக்காஹ் முடிந்து, துஆ முடிந்து, பலர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டங்களில், சகன் சகனாகச் சோறு பரவத் தொடங்கியபோதும் ஜீப்பின் குரல் ஊருக்குள் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. வேலிக்கு மேலால் அதன் கூரை தெரிந்தது. வஸீர் வீட்டுப் பக்கம் போய், மரைக்கார் வீட்டுப் பக்கம் திரும்பி, மாமா வீட்டு மதிலோடு பின்னுக்கு வந்து, மறுபடியும் வஸீர் வீட்டுக்கே போனது.

கையில் சோற்றுத் தாச்சியோடு கைருன்னிசா வேலியடியில் நின்று பார்த்தாள்.

"கூப்பிட்டு வழி காட்டுவமா?" என்றார் கலந்தர், மனம் பொறுக்காமல்.

"கொஞ்சம் நில்லுங்கோ," என்றாள் அவள். "இப்பதான் நாலாம் படி."